பக்கத்து வரிக்குப் போகாத புள்ள

இல்லீங்க சித்ராதேவி, அனுசுயாவப் பாட்டுல இருந்து நிறுத்தறேன்னு மட்டும் சொல்லாதீங்க. மொதல்ல உக்காருங்க. பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல இருந்து பெர்மிசன் போட்டுட்டு ஓடி வந்திருக்கறீங்க, நிக்க வெச்சுப் பேசுனா என்ற மனசுக்கு நல்லா இருக்காதுங்க.

நானும் இந்த சர்ச்சுல பாட்டுச் சொல்லிக் குடுத்துக் குடுத்தே நரச்சுப் போனேன். இந்த வருசமாட்ட ஒரு குழு அமஞ்சதே இல்லீங்க. சுத்துப்பாட்டுன்னா என்னன்னு அவ ஊட்ல சொல்லலீங்களா? ஒண்ணுமில்லீங்க, ஒரே பாட்டு, மூணு அணி. காத்தே காத்தே கதவத் தட்டுன்னு மொத அணி பாடி அடுத்த வரிக்குப் போறப்ப, ரெண்டாவது அணி காத்தே காத்தேன்னு ஆரம்பிக்கும். அப்புறமேல்ட்டு மூணாவது. எப்ப நொழையணும், எப்ப நிறுத்தணும்னு எல்லாம் என்ற கைதான் சொல்லும். சேந்து வந்துச்சுன்னா, அட அட, ஹாலே சுத்தறாப்ல இருக்குமுங்க.

ஆனா புள்ளைகளுக்கு நெம்பச் செரமம். பக்கத்துல வேற வரி ஓடுனா, தன்ற வரிய உட்டுப்போட்டு அதுக்குப் பின்னால போயிருதுங்க. மைதிலி இருக்கறாளே, அதானுங்க, உங்க மொதலாளி தங்கவேலு அண்ணனோட பேத்தி, அவளுக்கு வாயத் தொறந்தாலே பக்கத்து அணி வரிதான். அவளத் தலையில கொட்ட முடியுமுங்களா? சர்ச்சுக்கு ஆர்மோனியம், ஸ்பீக்கர் எல்லாம் அண்ணன் வாங்கிக் குடுத்தது. அதனால பக்கத்துல நிக்கற புள்ளையக் கொட்டுவேன். அதப் பாத்தாவது பயப்படட்டும்னு. சேச்சே, உங்க புள்ளையத் தொட்டதே இல்லீங்க. தொடற மாதிரி அவ வெச்சுக்கவே இல்லியே.

நெசத்தச் சொல்றேன், மொதல்ல அனுசுயாவச் சேத்திக்க எனக்கு மனசே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மதுரப் பக்கத்து ஆளுக பேசுனாலே சண்டையாட்ட இருக்கும். இவளும் வந்த அன்னைக்கு அப்படித்தான் கத்துனா. சரி, பாவம்னு நடு அணியில நிக்க வெச்சேன். அசையலீங்க! இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி, ரெண்டும் மூஞ்சில வந்து மோதுது. இவ என்ற கையவே பாத்துட்டு, தன் பாட்டுல போயிட்டே இருக்கறா. அன்னைல இருந்து தடுமாறற புள்ளைகள எல்லாம் இவளச் சுத்தியே நிறுத்துனேன். மைதிலிய இவ கைக்குள்ளயே நிறுத்தி, இவ வாய்க்கிட்டக் காத வெச்சுக்கோன்னேன். அப்படித்தான் இங்க உள்ளூர்ப் போட்டியில எல்லாக் குழுவையும் ஜெயிச்சோம். ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல கடைசிப் போட்டி. இப்ப வந்து நிறுத்தறேன்னா எப்படீங்க?

ஆபரேசன் நாளைக்கேவா? காதுச் சீழு எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னாங்களா? மூளைக்குப் போயிருமாமா? டாக்டருக அப்படித்தானுங்க பயமுறுத்துவாங்க. காது எங்க ஓடிப்போயிரும்? மொதல்லயே கொண்டாந்திருந்தா சொட்டு மருந்துலயே சரியாயிருக்கும்னாரா? சரிதான், அவரு சொல்றது நாயந்தானுங்க. ஆடி மாசத்துல போயிருந்தாக்கூடச் சரியாயிருக்கும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியாம இருக்குமுங்களா? ஆடியிலயே ஒரு நாளு அவ முதுகுப்பக்கம் நின்னு பேரு சொல்லிக் கூப்புட்டேன், கையத் தட்டுனேன், திரும்பவே இல்ல. காதுல இருந்து ஒழுகிச் சட்டக் காலர்ல ஒட்டியிருந்துச்சு. நாந்தான் பஞ்சு வெச்சு அடச்சு, முடியக் காது மேல எறக்கிப் பின்னி உட்டேன். வாசம் அடிச்சா மைதிலி பக்கத்துல நிக்க மாட்டேன்னுருவாளே. அவ கொரலு அவளுக்கு உள்ளுக்குள்ள கேக்குதுங்க, மத்ததுதான் கேக்கறதில்ல. அதனாலதான் எவ வரியும் அவள இழுக்கல. உங்ககிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே மருந்து ஊத்திருப்பீங்க, காது தெளிஞ்சிருக்கும். அப்புறம் அவளும் மைதிலியாட்டப் பக்கத்து வரிக்குத் தாவியிருப்பா. எனக்கு நடு அணிக்கு வேற யாரு இருக்கா?

கூப்புட்டாத் திரும்பறதில்ல, திமிருன்னு நெனச்சு அடிச்சேன்னு சொல்றீங்களே, அதுவும் தெரியுமுங்க. கன்னத்துல உங்க அஞ்சு வெரலும் பதிஞ்சு ஒரு நாளு வந்தா. அம்மா எதுக்கு அடிக்கறாங்கன்னே தெரியல டீச்சர்னா. உனக்குக் கொழுப்பு கண்ணு, அதான்னு சொல்லிப் பவுடரு போட்டு நிறுத்துனேன். நல்லாத்தான் பாடுனா அன்னைக்கும்.

ஞாயித்துக்கெழம வரைக்குந்தானுங்க கேக்கறேன். திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அண்ணங்கிட்டச் சொல்லி லீவு வாங்கித் தாரேன். இல்லீன்னா அண்ணனுக்கு வருத்தமாயிரும். பேத்தி பாடறதப் பாக்கன்னு ஒறம்பற சொந்தபந்தம் எல்லாத்தையும் வேன் வெச்சுக் கூட்டிட்டு வராரு. அவரு வருத்தப்பட்டா அப்புறம் உங்களுக்குத்தான் செரமம்.

அட, அனுசுயாவே வந்துட்டா. நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க, பாட்டு முடிஞ்சுதான் ஆஸ்பத்திரின்னு. இப்படி மூஞ்சியப் பொத்திட்டு அழுதா எப்படீங்க? கைய எடுங்க. உங்க வாயப் பாத்தாத்தானுங்க அவளுக்குப் புரியும்.