பீச்சாங்கை பக்கம்

குந்துங்க சார், சேர் ஒடையாது. ஃபைல மட்டும் அந்த ஸ்டூலு மேல வெக்காதீங்க. தட்டு லேசா ஆடும், டீ கொட்டிக்கும். மடியிலயே வெச்சிக்குங்க. அவரா? அவரு வூட்ல இல்ல. மானாம்பதில ஒருத்தர் நெலத்துல டிராக்டர் ஓட்டப் போயிட்டாரு. பதினோரு வருசம் ஏரோப்ளேனுக்கு ரிவெட் அடிச்ச ஆளு, இப்ப சேத்துல சுத்திக்கினு கீறாரு. எங்கூட்டுக்காரரு இல்லாத நேரம் பாத்து தான வந்தீங்க? தெரியும், சொம்மா கேட்டேன்.

அந்தப் பேப்பர்ல இன்னா எயுதிக்கீது, நீங்களே படிங்க. நான் எட்டாவது தான். ஆனா காது நல்லா கேக்கும்.

ம். ஃபிட்டர் ஜான்சன் யாரையும் கேக்காம, தன் இஷ்டத்துக்கு, தப்பான பக்கம் ஓட்ட போட்டுட்டான். ஹவுஸ்கீப்பிங் ஷீபா பக்கத்துல நின்னு பாத்தா. கீய எங்கையெயுத்து. அம்மாந்தானா? போட்டா போலீசு கேசு வராது, என் வேலையும் போவாது. போடலன்னா மிலிட்டிரி ப்ளேன வேணும்னே கெடுத்தான்னு அவர உள்ள தள்ளிடுவாங்க. அதான் வாசப்படில நின்னுக்கினே சொல்லிட்டீங்களே, மறுக்கா எதுக்கு?

கார் நிக்கட்டும் சார். நம்ம கோயிங்க தான் அதுக்கு அடியில கீது, ஒண்ணும் பண்ணாது.

அந்த ப்ளேனு நம்ம ஷெட்டுக்கு வந்தப்ப எப்டி இருந்துச்சு, நெனப்பு கீதா? பெரிய பெரிய மொதலாளிங்க சவாரி போனதாம். மெத்த மாதிரி சீட்டு, கிளாஸ் வெக்கிற அலமாரி, உள்ளயே கக்கூஸு. அத்தினியும் கயட்டி வெளிய போட்டாங்க. எதுக்குன்னு எங்கூட்டுக்காரரத் தான் கேட்டேன். இனிமே இதுல மொதலாளிங்க போவ மாட்டாங்க, பொட்டி பொட்டியா மிசினு தான் போவும், ஒடம்புல அங்கங்க ஓட்ட போட்டு ஆன்டெனா வெப்போம், அதான் இதோட காதுன்னாரு. எதிரி ரேடாரு எங்க கீது, இன்னா பண்ணுதுன்னு ஒட்டுக் கேக்குமாம். அப்பால அது மேல ஒரு சத்தத்த வுட்டு, எது நெசம் எது பொய்யின்னு தெரியாம கொயப்பி வுட்டுடுமாம். அத்துக்கு எத்தினி பொட்டி, எத்தினி ஒயரு. நீங்க ஒரு பொட்டியும் இல்லாமயே பண்றீங்க சார். ஒரு மாசமா ஷெட்டுல ஒருத்தனுக்கும் எது நெசம்னு தெரியல.

கோவமா பேசல. எங்கொரலே இப்டித்தான்.

டீய தொடவே இல்லியே. சக்கர கம்மியா? ஓ, வெளிய குடிக்கிற பயக்கம் இல்ல. சரி. கேன்டீன்ல தெனம் நாலு டீ குடிப்பீங்க, அந்த டம்ளர நான் தான் கயுவுவேன். அது வேற, இது வேற. புரியுது, வுடுங்க.

அன்னிக்கு சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேன்டீனுக்குப் போயிட்டாங்க. அவரு ட்ரில்லு வெச்சிக்கினு நிக்கிறாரு, நான் கீய தகட்டுத் தூளு கூட்டிக்கினு கீறேன். இஞ்சினீரு நீங்க, ட்ராயிங்க கையில வெச்சிக்கினு ப்ளேனு மூஞ்சிக்கு எதிர்ல வந்து நின்னீங்க. லெஃப்டு சைடுன்னு சொல்லி உங்க பீச்சாங்கைய நீட்னீங்க. அவரு சொன்னாரு, சார், அது ப்ளேனுக்கு சோத்தாங்கை பக்கம், பைலட்டு குந்தினு பாக்கற மாதிரி தான் பக்கம் சொல்லணும்னு. எம்மாமனாரு கிருஷ்ணசாமி கூலிக்கு ஏரு ஓட்னவரு. ஏரு ஓட்றவன் மாட்டு மூஞ்சிக்கு எதிர்ல நின்னா எது பீச்சாங்கை மாடுன்னு சொல்லுவான்? பின்னால நின்னு தான சொல்லுவான். அந்த வூட்ல பொறந்த ஆளுக்கு இத்த காலேஜிலயா சொல்லித் தரணும்?

அத்துக்கு நீங்க, ஏரு ஓட்ற பய எனக்கு லெஃப்டு ரைட்டு சொல்லித் தரியான்னீங்க. கூடவே இன்னொரு வார்த்த சொன்னீங்க, எங்க ஆளுங்களப் பத்தி. அத்த என் வாயால சொல்ல மாட்டேன். அப்பால மார்க்கர எட்த்து நீங்களே வட்டம் போட்டீங்க, உள்ள எயுதி கையெயுத்தும் போட்டீங்க, வெட்றான்னீங்க. வெட்னாரு.

அப்டி நடக்கவே இல்லியா? சரி.

மறுநாளு மிலிட்டிரி ஆபீசருங்க வந்து பாத்தாங்க. காது வெக்க வேண்டிய எடம் அப்டியே மூடிக்கீது, வெக்கக் கூடாத எடத்துல ஓட்ட. மார்க் பண்ணது யாருன்னு கேட்டாங்க. எங்கூட்டுக்காரரு உங்களக் காட்னாரு. நீங்க சிரிச்சீங்க சார். எனக்கு மத்த எல்லாத்த வுட அந்த சிரிப்பு தான் எரியுது. வெட்ன துண்டு எங்க, அதுல எங்கையெயுத்து இருந்தா காட்டுடான்னீங்க. ஸ்க்ராப் தொட்டிய கவுத்துத் தேடுனாங்க, இல்ல. அவனே ஒளிச்சிட்டான்னு சொல்லி கேட்டுக்கு வெளிய அனுப்புனீங்க. அன்னியில இருந்து மனுசன் ஒயுங்கா தூங்கறது இல்ல, சாப்புடறது இல்ல. எம்பொண்ணு ஷாரோன ஸ்கூல்ல கேக்கறாங்களாம், உங்கப்பா தான் ப்ளேன ஒடச்சாரான்னு.

இருங்க, போட்றேன். பேனாவ குடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு.

அந்தத் துண்டு எங்க போச்சுன்னு நெசமா உங்களுக்குத் தெரியாது, இல்ல? தெரிஞ்சிருந்தா இம்மாம் தெகிரியமா இங்க வந்து குந்தியிருக்க மாட்டீங்க. எல்லாரையும் கேட்டாங்க, என்னிய ஒருத்தரும் கேக்கல. கேட்ல ஃபிட்டருங்களுக்கு சோத்து டப்பாவக் கூட தொறந்து பாப்பாங்க. கக்கூஸு கயுவுறவ பையில எவன் கை வுடுவான்?

திருடணும்னு எடுக்கல. வட்டமா, சாப்புட்ற தட்டு அளவு இருந்துச்சு. தொட்டியில கெடக்கறது தானன்னு, தண்ணிப் பானைய மூட எட்த்துக்கினு வந்தேன். மறுநாளு தேடுனப்ப தான் அது இன்னான்னு புரிஞ்சிச்சு. வெளிய கொண்டாந்தது தெரிஞ்சா என் வேலையும் போவும், வூட்ல ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினா அடுப்பு எரியாது. வெறகு அடியில சொருவி வெச்சிட்டு ஒரு மாசம் வாய மூடிக்கினு இருந்தேன். அந்தாளு நொந்து போறத பாத்துக்கினே இருந்தேன் சார். நேத்து தான் அவருகிட்ட சொன்னேன். ஒரு மணி நேரம் எம்மூஞ்சியக் கூட பாக்கல.

பேனாவ நீயே வெச்சிக்கோ. ஆமா, நீ தான். இனிமே நீ தான்.

அந்த டம்ளர தூக்கு. குடிக்க வேணாம், தூக்கு போதும்.

தட்டுன்னு நெனச்சியே, அது தான் அந்தத் துண்டு. பச்ச பெயிண்டு, லேசா வளைஞ்ச தகடு. டம்ளரு மறைச்ச எடத்துல, லெஃப்டு, கட் பண்ணுன்னு உன் எயுத்து, கீய உங்கையெயுத்து, அன்னிக்குத் தேதி. பானைக்கு ஆவும்னு புளி போட்டுத் தேச்சேன், போவல. போயிருந்தா எங்க கத முடிஞ்சிருக்கும்.

புடுங்காத. இதோட படம் காலையிலயே அந்த ஆபீசருங்களுக்குப் போயிடுச்சு. எட்த்தவ நாந்தான்னு கூடவே எயுதி அனுப்பிட்டேன். என் வேல போவும், போவட்டும். நீ உன் வாயால ஒருக்கா ஒத்துக்குவியான்னு பாத்தேன், அத்துக்குத் தான் இம்மாம் நேரம் பேசினேன்.

மொதல்ல பயமா தான் இருந்துச்சு, வந்த ஒடனே டீய எட்த்துட்டா இன்னா பண்றதுன்னு. அப்பால நெனச்சேன், நீ எங்க எங்கூட்டு டம்ளர தொடப் போற.