காலுக்கு ஒரு தோல்

அறுபதுகளில் ஒரு மழைநாள். சிராங்கூன் ரோடு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“இடது கால் நனைஞ்சிருச்சுக்கா. வலது கால் நனையல,” என்றார் தம்பி.

அக்கா குனிந்து பார்த்தார். ஒரு சப்பாத்து கறுப்பு, மற்றது பழுப்பு.

“என்னடா இது?”

“நானே தைச்சதுக்கா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடைத் தோல். எது தண்ணி தாங்குதுன்னு மழையில நடந்து பார்த்தாத்தானே நம்பித் தொழிலுக்கு வாங்கலாம்.”

“அதை இன்னைக்கா பார்க்கணும்? பொண்ணு வீட்டுல பைத்தியம்னு நினைச்சு அனுப்பிருவாங்க.”

“வாசல்லயே கழட்டிருவோம்லா. யார் பார்க்கப் போறா?”

“வாசல்ல கிடக்கிறதைப் பார்த்துட்டு, ஒத்தைக்கால் ஆளுங்க ரெண்டு பேரு வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இறங்கும் இடம் வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி, எந்தத் தோல் நல்லது?”

“வலது காலுதான். பொட்டு ஈரம் இல்ல.”

“பொண்ணு சரின்னு சொல்லிட்டா அவளுக்கும் அதுலயே ஒரு ஜோடி தைச்சுக் குடு. ரெண்டு காலுக்கும் அதே தோல்.”