மஞ்சளாய் எரிந்த விளக்கு

— மறுபடியும் மஞ்சள்தாங்க.

— திரியைத் தூண்டிப் பாரேன்.

— மூணு தடவை தூண்டியாச்சு. எண்ணெயும் மாத்தியாச்சு. மந்திரம் இருந்தா சுடர் நீலமாகும், இல்லைன்னா மஞ்சள். இருபது வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல நான் நடத்தற முதல் பாடமே இதுதான். இப்ப எனக்கே மஞ்சள்.

— சாம்பலி, காலைத் தூக்கு. அது இல்லடி, பின்னங்கால். ஆங், அவ்ளோதான்.

— நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், நீங்க குதிரைக்கு லாடம் அடிக்கிறீங்க.

— லாடக்காரன் வேற என்ன பண்ணுவான், டீச்சரம்மா? வயித்துல குட்டியை வச்சுக்கிட்டு தேஞ்ச லாடத்துல நிக்கறா, பாவம்.

— மணி அடிச்சதும் விளக்கு ஐயா சோதனைக்கு வந்துடுவார். மஞ்சள்னு எழுதிட்டா இன்னிக்கே என் வேலை போச்சு. மிருகங்களோட பேசக் கத்துக்கொடுக்கற டீச்சருக்கே மந்திரம் இல்லைன்னா எப்படி வச்சுப்பாங்க? நாம இருக்கற வீடும் பள்ளிக்கூடத்தோடது.

— அந்தக் காய்ச்சல்லதான் போயிருக்குமோ?

— வேற எப்படி? நாற்பது நாள் தொண்டை கட்டிப் போச்சே. மந்திரம் சொல்ல குரலே இல்ல. இந்த லாயத்துல இவ பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன், ஞாபகம் இருக்கா?

— இல்லாமலா? கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குக் கிடைச்ச ஒரே நிம்மதி அந்த நாற்பது நாள்தான்.

— சிரிக்காதீங்க. இன்னொண்ணு இருக்கு. சொன்னா பைத்தியம்னு சொல்லுவீங்க.

— அதை இனிமேதான் சொல்லணுமா?

— சுடர் மஞ்சளாத்தான் எரியுது. ஆனா இவ பேசறது எனக்குக் கேக்குது. முன்னைவிடத் தெளிவா. என்ன, ஆணியை வாயில வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க?

— இப்ப நான் அரம் போடறப்ப ஒண்ணு சொன்னாளே. அது கேட்டுச்சா?

— அவ சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் மந்திரமே கிடையாதே!

— எனக்குத் தோணும். அவ்ளோதான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் தோணும்னு இருந்துட்டேன்.

— கதை விடாதீங்க.

— சரி, மூணு எண்ணறேன். அவ சொன்னதை ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுவோம். ஒண்ணு... ரெண்டு... மூணு.

— குட்டி கனவு காணுது.

— குட்டி கனவு காணுது.

— பாத்து, விளக்கு சாயுது. கீழ வை.

— இன்னும் பொறக்கவே இல்லைங்க. அதுக்குக் கனவா!

— ஓடற கனவு. தரையைப் பார்த்ததில்ல, புல்லைப் பார்த்ததில்ல, ஆனா ஓடுது. இங்க வயித்துல கை வச்சுப் பாரு.

— ஐயோ... நாலு காலும் அசையுதே. உடம்பெல்லாம் சிலிர்க்குதுங்க.

— எனக்கும்தான்.

— பன்னெண்டு வயசுல நாம ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு இதே லாயத்துல விளக்குச் சோதனை வரிசையில நின்னோமே...

— மறக்குமா? அன்னிக்கு நின்னது சாம்பலியோட அம்மா. உனக்குச் சுடர் கூரை வரைக்கும் நீலமா ஏறுச்சு. பள்ளிக்கூடமே கை தட்டுச்சு.

— உங்களுக்கு மஞ்சள்.

— பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். லாடம் அடிக்கக் கைக்கு உதவியா ஆள் வேணும்னாங்க, நின்னுட்டேன்.

— அன்னிக்கே அந்தக் குதிரை பேசினது கேட்டுச்சா?

— ம். ‘அழாதே’ன்னு சொன்னா.

— அதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா!

— யாரு கேட்டாங்க? எல்லாரும் விளக்கைத்தானே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

— மணி அடிச்சிடுச்சு. அதோ, ஐயா வந்துட்டார்.

— வணக்கம்மா. தப்பா நினைக்காதீங்க, விதிப்படி நான் வாசப்படிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கணும். உள்ள வந்தா என் மந்திரமும் சேர்ந்து சுடரைக் குழப்பிடும். நீங்க குதிரைகிட்ட பேசுங்க.

— பேசிட்டேன், ஐயா.

— அம்மா... மஞ்சளாவே இருக்கே.

— தெரியும், ஐயா.

— எத்தனை வருஷப் பழக்கம் நமக்கு. தப்பா நினைக்காதீங்க, என் கையில ஒண்ணும் இல்ல. விளக்கை எடுத்துக்கறேன்... அட, இது என்ன?

— ஏங்க, சுடரைப் பாருங்க! நீலம்!

— பதறாதீங்கம்மா. நான் உள்ள வந்துட்டேன் இல்ல, அது என் மந்திரம்.

— என்ன மந்திரம் சொன்னீங்க, ஐயா?

— நான் எங்கேப்பா சொன்னேன்? விளக்கை எடுக்கக் குனிஞ்சேன், அவ்வளவுதான்.

— அப்ப விளக்கை வச்சிட்டு ரெண்டடி வெளிய போங்களேன்.

— என்னையே விரட்டறியா, லாடக்காரா? சரி, போயிட்டேன்.

— மஞ்சள். இப்ப உள்ள வாங்க, ஐயா.

— நீலம்... சத்தியமா நான் எதுவும் பண்ணலம்மா.

— நீங்க பண்ணல. நாங்களும் பண்ணல.

— அப்ப யாரு பண்றது? இங்க நாம மூணே பேர்தானே இருக்கோம்.

— நாலு பேர், ஐயா. பயப்படாதீங்க. அசையாம நில்லுங்க. சாம்பலி உங்களைத்தான் பார்க்கறா.

— அம்மா... காதுக்குள்ள யாரோ பேசறாங்க. குட்டி கனவு காணுதாம்.

— எங்ககிட்டயும் அதையேதான் சொன்னா. அப்ப சுடர் நிறம் மாறவே இல்ல.

— அதெப்படி?

— இவருக்குச் சின்ன வயசுல இருந்தே கேக்கும், எனக்கு அந்த நாற்பது நாள் பேசாம இவ பக்கத்துல உக்காந்ததுல கேக்க ஆரம்பிச்சுது. காது கேக்கறவங்ககிட்ட யாராவது கத்திப் பேசுவாங்களா, ஐயா? உங்களுக்கு எட்டணுமேன்னு மந்திரம் போடறது அவ. விளக்கு காட்டறது அவளோட மந்திரத்தை.

— முப்பது வருஷம்மா... மஞ்சளா எரிஞ்ச பிள்ளைங்களை எல்லாம் வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போய் விட்டவன் நான்.

— எனக்கும் அதுல பங்கு இருக்கு. போன வருஷம் மட்டும் மூணு பேர்.

— இப்ப உங்க பேருக்கு நேரா நீலம்னு எழுதிடறேன். என் கண்ணால நீலத்தைப் பார்த்தேன்ல, பொய் இல்ல. வேலை நிலைக்கட்டும்.

— வேண்டாம், ஐயா. மஞ்சள்னே எழுதுங்க. அந்த மூணு பேருக்குக் கீழ நாலாவதா என் பேர் இருக்கட்டும். நான் அவங்களைத் தேடிப் போகணும். ஏங்க, வீடு போயிடும்.

— போகட்டும். குதிரைக்குக் குளம்பு இருக்கற வரைக்கும் நமக்குச் சோறு இருக்கு. அட, அதுக்குப் போய் ஏன் அழற?

— அதுக்கு இல்லைங்க. அன்னிக்குச் சுடர் கூரை வரைக்கும் ஏறுச்சே, பள்ளிக்கூடமே கை தட்டுச்சே... எனக்குக் கேக்க வைக்க அந்தக் குதிரை எவ்வளவு கத்தியிருக்கணும்!