மலை இடப்பக்கம் வந்த வீடியோ

"என் புது வீடியோவுல நான் மலையை எதிர்ப்பக்கமா சுத்தறேன்க்கா."

அடி அண்ணாமலை போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். மடியில் கேமரா ஸ்டாண்ட், கண் நிறையத் தூக்கம். பக்கத்தில் காய்கறிப் பையுடன் இருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மலை வலது கைப்பக்கம்தானேடி இருக்கணும்?"

"நான் ஒழுங்காத்தான் நடந்தேன். எடுக்கிறதும் நானு, பேசறதும் நானு, எடிட்டிங்கும் முடியலைன்னு வெளியூர்ல ஒரு ஆளுகிட்ட குடுத்தேன். மூஞ்சி இப்படித்தான் எடுப்பா இருக்குன்னு, கண்ணாடில தெரியற மாதிரி திருப்பிப் போட்டுட்டான். மலை இடது பக்கம் போயிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் திட்டறாங்க."

"மாத்தச் சொல்றதுதானே?"

"சொன்னேனே, திசை தப்புன்னு. வீடியோவைக் கடைசியிலேர்ந்து ஓட வெச்சு ஏத்திட்டான். இப்ப சரியான திசையிலதான் போறேன். ஆனா பின்னாடி பின்னாடியே நடக்கிறேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் வெளிப்படையாகவே சிரித்தார்.

"இதுல ஜனங்க வேற, இது என்ன வேண்டுதல், எத்தனை பௌர்ணமி இப்படி நடக்கணும்னு கமெண்ட்ல கேக்கறாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு பதில் போட்டியா?"

"எனக்கு எங்கக்கா நேரம்? பதில் போடறதையும் அவன்கிட்டதான் விட்டிருக்கேன்."

"அவன் என்ன போட்டான்?"

"ஒன்பதுன்னு போட்டுட்டான்க்கா. நாளைக்குப் பௌர்ணமி."