மணல் வாளிச் சிம்மாசனம்

தாயில்பட்டியிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர், "நானும் ரோமாபுரி ராஜாவும் ஒண்ணுப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமாத்தான். ஒரு சேனாபதிய அவன் படையாளுகளே கேடயத்துல தூக்கி வச்சு, இனி நீதான் ராஜான்னுட்டாகளாம். எம்மக பாடத்துல இருக்கு."

"அதுக்கும் உங்களுக்கும் என்னண்ணே?"

"நேத்து பட்டாசுக் கம்பெனியில என்னையப் போர்மேனாக்குனாக. கூட வேலை பாக்குற ஆளுகளுக்கு ஒரே சந்தோசம். தீயணைக்க வச்சிருந்த வாளியில இருந்த மணலக் கீழ கொட்டிட்டு, அதக் கவுத்தி என்னைய உக்கார வச்சு மாலையும் போட்டாக. நானும் மீசையத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன், சோதனை போட ஆபீசர் வந்து நிக்காரு."

"அய்யய்யோ!"

"மணல் வாளி எங்க, போர்மேன் யாருன்னு கேட்டாரு. ரெண்டுக்கும் அம்புட்டுப் பேரும் என்னையவே கைகாட்டுனாக. மாலையோடயே குனிஞ்சு மணல அள்ளுனேன்."

"சரி, அந்த ராஜா என்ன ஆனான்?"

"தூக்குனவுகளே வெட்டிட்டாகளாம்." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நம்ம ஆளுக தங்கமானவுக. விரல மட்டுந்தான் நீட்டுனாக."