நாலு கண் குஞ்சும் ஆறு கண் குஞ்சும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவரே, பதக்கம் பெற வந்திருக்கும் ஆய்வகத் தலைவர் ஐயாவே, முன்வரிசைச் சான்றோர்களே, மடிப் பிள்ளையோடு பொறுமை காக்கும் தாய்மார்களே, வணக்கம்! மூன்று ஆண்டுக்கு முன் ஆய்வகத்துக் கூட்ட அறையில் இருந்தவர்களையும் விளித்துவிடுகிறேன். மேசையின் தலைமாட்டில் இதே ஆய்வகத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் மரபணு பார்க்கும் அம்மா. கதவோரம் மருந்துக் கிடங்கு பார்க்கும் என் மகன். நடுவில், குற்றவாளியைப் போல, அவன் மனைவி, ஆய்வகத்துக்குப் படம் வரையும் என் மருமகள். சுவரோரம் கண்ணாடிக் குப்பி கழுவும் நான்.

என்ன குற்றம் செய்தாள் என் மருமகள்? கடலில் அள்ளிய புழுக்குஞ்சு, கடுகில் கால்வாசி. தொட்டால் முள்மயிரை விசிறியாய் விரிக்கும். அதை நுண்ணோக்கியில் கண் வீங்க வீங்கப் பார்த்து வரைந்தாள். இது ஓர் இனமல்ல, இரண்டு இனம் என்றாள். ஒன்றுக்குக் கண் நாலு, மற்றதற்கு ஆறு. நானும் குனிந்து எண்ணினேன். ஆறேதான்!

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் தலைவர்.

"மத்ததுக்கு ரெண்டு கண்ணு கூட இருக்கே ஐயா?" என்றேன் நான்.

"வயசாச்சில்ல, உங்களுக்கு எல்லாமே கூடத்தான் தெரியும்."

சிரிக்கிறீர்களா, பின்வரிசைத் தம்பிகளே? அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள்!

மரபணுச் சோதனைக்கு இரண்டு குப்பி போயின. நாலு கண் குப்பிக்கு விடை வந்தது. ஆறு கண் குப்பிக்கு ஒன்றுமே வரவில்லை. வராத விடையை எப்படி எழுதுவது? வரவில்லை என்றுதானே? தலைவரோ "இரண்டும் ஒன்று" என்று எழுதினார்! பொய்ப்படம் வரைந்தாள் என்று என் மருமகளைத் துரத்தினார்!

ஏன் வரவில்லை? உருவம் காக்க ஃபார்மலின்; மரபணு காக்க ஸ்பிரிட். ஃபார்மலினில் ஊறிய குஞ்சில் மரபணு நைந்துபோகும். அந்த ஆறு கண் குப்பியைக் கழுவியவள் நான். திறந்ததும் கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, இன்றுவரை நெஞ்சு எரிகிறது! அந்த அறையிலேயே மகனைக் கேட்டேன்:

"நீதானடா ஊத்துனே? ஃபார்மலின்னு சொல்லுடா."

"ஞாபகம் இல்லம்மா."

செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

இந்த ஆண்டு மரபணு அம்மா புதுக் குஞ்சுகளை ஸ்பிரிட்டில் இட்டுச் சோதித்தார். இரண்டு இனம்! பதக்கம் யாருக்கு? துரத்தியவருக்கு! என் பின்னால் தொங்கும் படம் யார் வரைந்தது? துரத்தப்பட்டவள்! அதன் கீழே அவள் பெயர் எங்கே? எங்கே ஐயா, எங்கே?

மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள்! பெயர் ஏறாமல் நான் இறங்கமாட்டேன்.

...ஆம், பேனா என்னிடம் இருக்கிறது. வாருங்கள் ஆய்வகத் தலைவரே, அவள் பெயரை எழுதுங்கள். இன்னும் பெரிதாக. கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.

நன்றி. தப்பாக எழுதிய கையாலேயே திருத்திவிட்டீர்கள். உங்கள்மேல் இருந்த வழக்கை முடித்துக்கொள்கிறேன். தவறு என்று கண்டதும் மறுபடி சோதித்த அம்மாவுக்கு என் கும்பிடு. கேட்டிருந்த எல்லோருக்கும் வணக்கம். ஒருவனைத் தவிர. தெரிந்தே மறந்தவன், மருந்துக் கிடங்குக்காரன், என் மகன். அவனை மன்னிக்கமாட்டேன்.