தொட்ட காய்

பிரியாணி நேரத்துக்கு வந்திருந்தால் உங்களுக்கு இந்த வேலையே இருந்திருக்காது, இன்ஸ்பெக்டர். ஆம்பூரில் சதுரங்கப் போட்டி வைத்தாலும் அடுப்பைக் கேட்டுத்தான் ஆட்டம்.

முதியோர் பெண்கள் இறுதிச் சுற்று. ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எதிரே காட்பாடி கேத்தரின் டீச்சர். ஆறு வருடமாக அவரிடமே தோற்றேன். ஒவ்வொரு முறையும் என் தோளைத் தட்டுவார். "நல்லாதான் ஆடுற ஃபீபி. யோசிக்கத்தான் வரல." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீச்சருக்குச் சர்க்கரை. போட்டிக்கு வந்தால் மதிய இன்சுலினை நான்தான் போட்டுவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். அன்றும் போட்டேன். "சாப்பாடு வந்துடுச்சி டீச்சர். சாப்ட்டுட்டுதான் ஆட்டம்" என்றேன். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று நடுவர் சுஹேல் அகமது போனில் கத்தியதை அதற்கு முன்பே கேட்டிருந்தேன்.

ஊசி போட்டு முடித்ததும் சுஹேல் வந்தார். "பிரியாணி லேட்டும்மா. ஆட்டத்த முடிச்சிடலாம்."

"பையில மிட்டாய் இருக்குது, எடுத்தா ஃபீபி" என்றார் டீச்சர். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "காணோமே டீச்சர்."

"சரி வுடு. உன்ன முடிக்க அரை மணி போதும்."

இருபதாவது நிமிடத்தில் அவர் நெற்றி வியர்த்தது. "ஃபீபி, ஒரு மாதிரி இருக்குது..." நான் உதட்டில் விரல் வைத்தேன். ஆடும்போது பேசக் கூடாது, விதி. குதிரையை எடுக்கப் போன கை நடுங்கி ராணியில் பட்டது. சர்க்கரை இறங்கினால் வரும் அந்த நடுக்கத்தை எத்தனையோ கட்டில்களில் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியவள் நான்.

"ராணியத் தொட்டுட்டீங்க டீச்சர். தொட்ட காயத்தான் ஆடணும்."

ராணி எங்கே போனாலும் வெட்டுப்படும். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மேஜை மேல் சரிந்தார். சுஹேல் வண்டியைத் தேடித் தெருமுனைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் ஆட்டம் முடித்து வெளியே நின்றார்கள். கூடத்தில் நாங்கள் இருவர்தான். டீச்சரின் ஆட்டக் கடிகாரத்தில் இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

நான் கூப்பிடவில்லை. உயிர் போய்விடும் என்று தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் முழுதாக ஓடி முடியட்டும், வெற்றியில் யாரும் குறை சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

நேரம் முடிந்ததும் முதலில் நாடி பிடித்துப் பார்த்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.